மனித வணிகம்: சொல் விளக்கம்

மிரட்டியோ ஏமாற்றியோ ஆளைச் சிக்கவைத்துச் சுரண்டும், ஆங்கிலத்தில் 'டிராஃபிக்கிங்' எனப்படும் குற்றத்துக்கு நம் மலேசியத் தமிழ் நாளேடுகளில் ஆட்கடத்தல், மனிதக் கடத்தல், மனித வணிகம் என மூன்று சொற்கள் மாறி மாறி வருகின்றன. இவற்றுள் 'மனித வணிகம்' ஒன்றே பொருளுக்குப் பொருந்துகிறது.

'டிராஃபிக்' இத்தாலிய, பிரெஞ்சு மொழிகளின் வழியாக 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த சொல். முதலில் அதற்குச் சரக்கு வாங்கி விற்றல் என்றே பொருள். சாலைப் போக்குவரத்து என்னும் பொருள் பின்னால் ஏறியது. மலாய் மொழியில் இக்குற்றத்தின் பெயரான 'பெமெர்டாகாங்ஙான் ஓராங்' என்பதன் வேரும் வணிகத்தைக் குறிக்கும் 'டாகாங்' தான். 'கடத்து' என்பதோ 'கட' என்னும் வினையின் பிறவினை. பணம் கேட்டுச் சிறுவனைத் தூக்கிச் செல்வதும், கள்ளத்தனமாகப் படகில் ஆளேற்றி எல்லை தாண்ட வைப்பதும் தமிழில் கடத்தலே.

மனித வணிகத்துக்கு எதிராக 2000ஆம் ஆண்டு ஐ.நா. ஏற்றுக்கொண்ட பலெர்மோ நெறிமுறை, ஆளைச் சேர்த்தல் அல்லது அடைக்கலம் தருதல் போன்ற செயல், மிரட்டல் அல்லது ஏமாற்று போன்ற வழி, சுரண்டல் என்னும் நோக்கம் ஆகிய மூன்றையும் கொண்டே இக்குற்றத்தை வரையறுக்கிறது. பாதிக்கப்பட்டவர் 18 வயது நிரம்பாதவராயின் மிரட்டல், ஏமாற்று போன்ற வழி கையாளப்பட்டதை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. எல்லை தாண்டுதல் கட்டாயமன்று. மலேசியா 2007இல் தனிச்சட்டம் இயற்றி, 2010இல் குடியேறிகளைக் கள்ளத்தனமாகக் கொண்டுவரும் குற்றத்தையும் அதில் சேர்த்தது. இரண்டும் ஒரே சட்டத்தில் இருந்தாலும் வெவ்வேறு குற்றங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து முறையான பெர்மிட்டோடு கோலாலம்பூர் உணவகம் ஒன்றுக்குச் சமையல் வேலைக்கு வரும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். கடப்பிதழை முதலாளி வாங்கிக்கொள்கிறார். முகவர் கட்டணம் என்று மாதந்தோறும் சம்பளத்தைப் பிடிக்கிறார். இரவில் கடை மாடியறைக்கு வெளிப்பூட்டு விழுகிறது. இவரை யாரும் தூக்கிவரவில்லை, களவாக எல்லை தாண்டவும் வைக்கவில்லை. 'கடத்தப்பட்டாயா?' என்று கேட்டால் இல்லையென்றே சொல்வார். ஆயினும் அவர் சிக்கியிருப்பது மனித வணிகத்தில்தான். கடனால் கட்டுண்டு கப்பலேறிய நம் முன்னோரின் ஒப்பந்தக் கூலி முறையும், 1910இல் மலாயாவில் நிறுத்தப்படும் வரை, பதிவேட்டில் முறையான பயணமாகத்தான் இருந்தது.

அமெரிக்க அரசு 2001 முதல் மனித வணிகத்தை ஒடுக்கும் முயற்சியை வைத்து ஆண்டுதோறும் நாடுகளைத் தரம்பிரித்து வெளியிடும் அறிக்கையில் மலேசியா 2014, 2021, 2022 உள்ளிட்ட சில ஆண்டுகளில் கடைசித் தரத்தில் இருந்தது. பாதிக்கப்பட்டவரை அதிகாரிகள் அடையாளம் காணத் தவறுவது அதில் அடிக்கடி சொல்லப்படும் குறை. அடையாளம் காணப்பட்டால் அவருக்கு 21 நாள் இடைக்காலப் பாதுகாப்பு ஆணை கிடைக்கும். சட்டவிரோத நுழைவுக்காகவோ தங்கலுக்காகவோ அவர்மீது வழக்குத் தொடுக்க முடியாது. தவறவிட்டால், ஓடித் தப்பிய அதே ஆள் குடிநுழைவுத் துறையின் கண்ணில் ஆவணமற்ற குற்றவாளி.