ஆர்.டி.ஓ. ஆபீசும் கோர்ட்டும் ஒன்றல்ல

“கேஸ் நாலு வருஷமா நடக்குது சார், வாய்தா மேல வாய்தா போடுறாங்க” என்றபடி ஒரு பெரியவர் என் அலுவலகத்துக்கு வந்தார். எந்தக் கோர்ட் என்று கேட்டேன். “ஆர்.டி.ஓ. கோர்ட்” என்றார். மஞ்சள் பையில் இருந்த காகிதங்களைப் பிரித்தேன். பக்கத்து நிலத்துக்காரர் பெயருக்குப் பட்டா மாறியதை எதிர்த்து, ஆர்.டி.ஓ. என்று நாம் சொல்லும் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அப்புறம் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வு. அவ்வளவுதான். நிலம் யாருடையது என்று தீர்மானிக்கும் நீதிமன்றத்தின் படியை அவர் இதுவரை மிதிக்கவே இல்லை.

இப்படி வருகிறவர்கள் பலர். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அங்கேயும் சம்மன் வருகிறது, விசாரணை நடக்கிறது, உத்தரவு போடுகிறார்கள். பார்ப்பவருக்குக் கோர்ட் மாதிரிதான் தெரியும். ஆனால் அது வருவாய்த்துறை. பட்டா யார் பெயரில் இருக்க வேண்டும் என்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். சொத்துரிமையில் தகராறு என்றால் சிவில் கோர்ட் என்கிற உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பட்டா பாஸ்புத்தகச் சட்டமே வழிகாட்டுகிறது. உரிமையை விளம்புகை செய்ய, அதாவது ‘இது என் சொத்து’ என்று நீதிமன்றம் அறிவிக்கக் கோரும் வழக்கைப் போடக் காலவரம்பு 3 ஆண்டு. தாலுகா ஆபீசுக்கு அலைந்த நாட்களுக்காக அந்தக் கணக்கு தானாக நின்றுவிடாது. காவல் நிலையத்தில் ‘பேசி முடிக்க’ உட்கார்ந்திருந்த நாட்களுக்கும் இதே கதிதான்.

சரி, உண்மையான கோர்ட்டுகள் எவை? சொத்து, பணம் போன்ற வழக்குகள் மாவட்டங்களில் மூன்று படிகளில் நடக்கின்றன: முன்சீப் கோர்ட் என்று நாம் சொல்லும் மாவட்ட உரிமையியல் நீதிமன்றம், அதற்கு மேல் சப் கோர்ட் என்கிற சார்பு நீதிமன்றம், அதற்கு மேல் மாவட்ட நீதிமன்றம். எந்தப் படியில் வழக்குப் போடுவது என்பதைப் பெரும்பாலும் வழக்கின் மதிப்புதான் முடிவு செய்யும். வழக்கு பெரியது என்பதற்காக நேரே உயர் நீதிமன்றம் போக முடியாது. சென்னை நகர எல்லைக்குள் மட்டும், மதிப்பு அதிகமான வழக்குகளை உயர் நீதிமன்றமே முதல் நிலையில் விசாரிக்கும்.

குற்ற வழக்கின் பாதை வேறு. மாஜிஸ்திரேட் என்கிற நீதித்துறை நடுவர் 3 ஆண்டு வரை சிறை விதிக்கலாம், தலைமைக் குற்றவியல் நடுவர் 7 ஆண்டு வரை. கொலை போன்றவை செஷன்ஸ் கோர்ட் என்கிற அமர்வு நீதிமன்றத்துக்குப் போகும். அது மரண தண்டனை விதித்தாலும் உயர் நீதிமன்றம் உறுதி செய்தால்தான் செல்லும். முன்ஜாமீன் கேட்டு நடுவர் நீதிமன்ற வாசலில் நிற்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அதிகாரம் அமர்வு நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும்தான் உண்டு.

உயர் நீதிமன்றம் 1862-இல் சென்னையில் தொடங்கியது. மதுரைக் கிளை 2004 ஜூலை 24 முதல் இயங்குகிறது. திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, கரூர் மாவட்டங்களும் மதுரைக் கிளைக்குள்தான் வருகின்றன. ஆகவே அந்த ஊர்க்காரர்கள் தங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்னைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை.

வக்கீல் வைக்க வசதி இல்லையே என்று யாரும் வீட்டில் உட்கார்ந்துவிட வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. தாலுகா நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் குழுவில் கேளுங்கள், அல்லது 15100-க்குப் போன் செய்யுங்கள்.

தீர்ப்பு உங்களுக்கு எதிராக வந்தால், உரிமையியல் வழக்கில் மாவட்ட அளவிலான மேல்முறையீட்டுக்கு 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு 90 நாள். மறுநாளே நகல் மனு போட்டுவிடுங்கள். சான்றிட்ட நகல் பெற ஆகும் நாட்கள் அந்தக் கணக்கில் கழிந்துவிடும். ஆனால் மனுவே போடாமல் கடத்திய நாட்கள் கழியாது.

பெரியவரின் வழக்கை முன்சீப் கோர்ட்டில் தாக்கல் செய்தோம். கிரயப் பத்திரம் அவர் பெயரில் இருக்கிறது, நிலமும் அவர் அனுபவத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் எதிர்த்தரப்பு தன் பதிலுரையில் முதலில் எடுத்திருப்பது காலவரம்பு. நீதிமன்றம் வனைந்த முதல் எழுவினாவும், அதாவது தீர்மானிக்க எடுத்துக்கொண்ட முதல் கேள்வியும் அதுதான்.