இடுக்கி எந்தப் பக்கம் இருக்கிறது?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் என் வாட்ஸ்அப்பில் மங்கலான படங்கள் வர ஆரம்பித்துவிடும். "சார், இது தேள் குட்டியா?", "பூரான் மாதிரி இருக்கு, ஆனா காலக் காணோம்", "பாத்ரூம்ல கொடுக்கு வெச்ச பூச்சி, குழந்தை இருக்கிற வீடு." கோவையில் பூச்சிக் கட்டுப்பாட்டு வேலைக்கு வந்து பதினேழு வருடமாகிறது. பதிலுக்கு நான் கேட்பது ஒரே கேள்விதான்: இடுக்கி தலைப் பக்கமா, வால் பக்கமா?

தேளுக்கு இடுக்கி முன்னால் இருக்கும், விஷ முள் வாலில். பூரானுக்கு உடம்பு நெடுகக் கால். ஆறே கால், வழவழவென்று பழுப்பாகவோ கறுப்பாகவோ நீண்ட உடம்பு, வால் நுனியில் குறடு மாதிரி ஒன்று என்றால் அது இயர்விக். தமிழில் எல்லோரும் சொல்லும்படி ஒரு பேர் இதற்கு வாய்க்கவில்லை. காதுப்பூச்சி என்று எழுதுகிறவர்கள் உண்டு. அந்தப் பேர் எனக்குப் பிடிக்காது. நான் இடுக்கிப்பூச்சி என்றே சொல்லிப் பழகிவிட்டேன்.

பிடிக்காததற்குக் காரணம் இருக்கிறது. தூங்குகிறவர் காதுக்குள் புகுந்து மூளை வரை போய் முட்டையிடும் என்பது ஐரோப்பாவின் பழைய நம்பிக்கை. ஆங்கிலப் பேரிலும் காது இருக்கிறது, ஜெர்மன்காரர்கள் பேரிலும் இருக்கிறது, பிரெஞ்சில் 'காது துளைப்பான்' என்றே பேர். அந்தப் பயத்தைப் பேரோடு சேர்த்து நாமும் இறக்குமதி செய்துகொள்ள வேண்டுமா? எறும்பும் கரப்பானும் போல இதுவும் எப்போதாவது தவறிப்போய்க் காதில் நுழையலாம், அவ்வளவுதான். எந்தப் பூச்சி நுழைந்தாலும் பட்ஸ், ஊக்கு எதையும் விட்டுக் குடையாதீர்கள். அந்தக் காது மேலே இருக்கும்படி படுத்து, இரண்டு மூன்று சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டால் பூச்சி அடங்கிவிடும். அப்புறம் காது மருத்துவரிடம் போய் எடுத்துக்கொள்ளலாம். செவிப்பறையில் ஓட்டை உள்ளவர்களும் சீழ் வடிகிறவர்களும் எண்ணெயும் விடக்கூடாது, நேராக மருத்துவரிடம்தான். மற்றபடி இதற்கு விஷம் கிடையாது. கையில் பிடித்தால் இடுக்கியால் கவ்வும். பெரிய ரகமாக இருந்தால் கொஞ்சம் சுள்ளென்று இருக்கும்.

போன மழைக்காலத்தில் வடவள்ளியில் ஒரு மொட்டை மாடிக்குப் போயிருந்தேன். அறுபதுக்கு மேல் குரோ பேக், எல்லாம் தரையோடு தரையாக, ஒன்றையொன்று ஒட்டி. வீட்டம்மா ஓய்வுபெற்ற டீச்சர். "முளைச்சு நாலு இலை விடறக்குள்ள தின்னு போடுதுங்க தம்பி. பைக்கு அடியில பாருங்க, குடும்பமே குடியிருக்குது" என்றார். ஏற்கெனவே மூன்று முறை ஏதோ வெள்ளைப் பவுடர் தூவியிருந்தார். பேர் கேட்டால் "கமாக்சின்" என்றார். அந்தக் காலத்துக் கமாக்சினில் இருந்த பிஎச்சி என்ற பூச்சிக்கொல்லி 1997-லேயே நம் நாட்டில் தடையாகிவிட்டது, அதன் தம்பியான லிண்டேனைப் பயன்படுத்தவும் 2013-லிருந்து தடை. பேர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. கடையில் பொட்டலம் கட்டித் தருகிற எந்தப் பவுடரும் நம் ஊரில் கமாக்சின்தான். அதில் என்ன இருந்தது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தூவியதோ சாப்பிடப்போகிற கீரைக்குப் பக்கத்தில்.

ஒரு பையைச் சாய்த்தேன். அடியில் ஈரம் வட்டமாகப் படிந்திருந்தது. நடுவில் கசகசாவைக் குவித்தமாதிரி வெள்ளை முட்டைகள், அவற்றின் மேல் கவிந்தபடி தாய். இறக்கை இல்லாத ரகம். வெளிறிய காலில் கறுப்பு வளையம் போட்டிருக்கும். மற்றதெல்லாம் வெளிச்சம் பட்டதும் சிதறி ஓட, இது நகரவில்லை. உருண்டுபோன இரண்டு முட்டைகளை வாயால் கவ்விக் குவியலுக்கே கொண்டுவந்து சேர்த்தது. பூச்சிகளில் முட்டையிட்டுவிட்டுப் போகிறவைதான் அதிகம். இது குஞ்சு பொரிக்கும்வரை கூடவே இருந்து, பூஞ்சை பிடிக்காமல் முட்டைகளை நக்கித் துடைத்துக்கொண்டே இருக்கும். ரொம்பத் தொந்தரவு செய்தால் தானே தின்றுவிடுவதும் உண்டு. டீச்சர் குனிந்து பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

சரி, நாற்றைத் தின்றது யார்? இடுக்கிப்பூச்சி தின்னாது என்று சொல்ல மாட்டேன். மக்கிய இலை, செடிச் சாற்றை உறிஞ்சும் அசுவினிப் பூச்சி, மற்ற பூச்சிகளின் முட்டை, சின்னப் புழு எல்லாம் தின்னும். இளங்குருத்து கிடைத்தால் அதையும் கடிக்கும். ஆனால் பகலில் பைக்கு அடியில் இருந்தது என்பதற்காக அதன்மேல் பழி போட முடியாது. அன்றைக்கு ராத்திரி ஒன்பதரை மணிக்கு டார்ச்சோடு ஒரு சுற்று வரச் சொல்லிவிட்டு வந்தேன். பத்து மணிக்குப் படம் வந்தது. தண்டங்கீரை நாற்றின் மேல் ஓடில்லாத நத்தைகள், விரல் நீளத்துக்கு, பின்னாலேயே பளபளவென்று கோழைத்தடம். இடுக்கிப்பூச்சிகளும் நடமாடிக்கொண்டிருந்தன, கத்தரிச் செடியில், அசுவினி அப்பியிருந்த இலைப் பக்கம்.

ஐரோப்பாவில் ஆப்பிள் தோட்டக்காரர்கள் வைக்கோல் திணித்த தொட்டியை மரத்தில் கவிழ்த்துக் கட்டி இதைக் குடிவைக்கிறார்கள், அசுவினியைத் தின்னும் என்பதற்காக. அதே ஐரோப்பிய ரகம் போன நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவுக்குப் போய்ப் பெருகித் தொல்லையாக மாறியது. ஆங்கிலத்தில் தேடினால் வருகிற மருந்து ஆலோசனை பெரும்பாலும் அந்த ரகத்தைப் பற்றியது. அதைப் படித்துவிட்டு வடவள்ளி மாடியில் ஸ்ப்ரேயர் தூக்க வேண்டாம்.

தோட்டத்தில் செய்ய வேண்டியது ஈரத்தைக் குறைப்பதுதான். பைகளை இரண்டு செங்கல் மேலோ இரும்பு ஸ்டாண்டிலோ தூக்கி வையுங்கள். தண்ணீரைக் காலையில் ஊற்றுங்கள். சாயங்காலம் ஊற்றினால் ராத்திரி முழுக்க இதற்குக் கொண்டாட்டம். நார்க்கழிவு மூட்டை, காய்ந்த இலைக் குவியல், பழைய சாக்கு எதுவும் சுவரை ஒட்டி இருக்கக்கூடாது. அப்படியும் அதிகம் என்றால் செய்தித்தாளை நனைத்துத் தளர்வாகச் சுருட்டி, பொழுது சாய்ந்ததும் பைகளுக்கிடையே போட்டு வைத்து, விடிந்ததும் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் உதறுங்கள். ஒரு வாரம் விடாமல் செய்தால் வித்தியாசம் தெரியும். தட்டையான டப்பாவில் அரை அங்குலம் சமையல் எண்ணெய் ஊற்றி மண் மட்டத்துக்குப் புதைத்து வைத்தாலும் விழும். மீன் வாடை இருந்தால் இன்னும் நன்றாக விழும் என்று ஒரு வீட்டில் கருவாட்டுத் துண்டு போடச் சொன்னேன். தெருப் பூனை எல்லாம் மாடிக்கு வந்துவிட்டது, அந்த வீட்டுக்காரர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

வீட்டுக்குள் வந்தால் துடைப்பமும் முறமும் போதும். மழை அதிகமாகி மண் ஊறிப்போனால் ஒதுங்க வருகிறது. காய்ந்த அறையில் ரொம்ப நாள் தாங்காது, அங்கே பெருகவும் செய்யாது. கதவுக்கு அடியில் இடைவெளி இருந்தால் ரப்பர் பட்டை அடியுங்கள். இறக்கை உள்ள ரகங்கள் விளக்குக்கு வரும், அதனால் வாசல் பல்பை மஞ்சள் வெளிச்சமாக மாற்றிப் பாருங்கள். பாத்ரூமில் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் பூச்சியைத் தேடாதீர்கள், எந்தக் குழாய் கசிகிறது என்று பாருங்கள்.

நிலக்கடலை போடுகிறவர்களுக்கு மட்டும் இது வேறு கதை. அங்கே இதே குடும்பத்து ரகம் ஒன்று மண்ணுக்குள் இளங்காயைத் துளைத்துப் பருப்பைத் தின்றுவிடும். துளை மண்ணாலும் எச்சத்தாலும் அடைத்திருக்கும், உடைத்தால் உள்ளே வெறும் கூடு. அப்படிப்பட்ட காய்கள் கண்ணில் பட்டால் நாலைந்து செடியைப் பிடுங்கி, காயோடு வேளாண் அலுவலரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அது என் ஸ்ப்ரேயருக்கு உட்பட்ட விஷயம் இல்லை.

டீச்சர் வீட்டில் நான் எதுவும் அடிக்கவில்லை, வந்துபோன கூலி மட்டும் வாங்கிக்கொண்டேன். நத்தைக்கு ராத்திரி டார்ச், உப்புத் தண்ணீர் டப்பா. மூன்று வாரம் கழித்துத் தண்டங்கீரை ஒரு சாண் வளர்ந்திருந்த படம் அனுப்பினார். கீழே ஒரு வரி: "அந்த ஒரு பையை மட்டும் இன்னும் தூக்கி வைக்கலீங்க தம்பி. குஞ்சு பொரிச்சிருச்சு."