கைத்துப்பாக்கி உரிமம்: எது கிடைக்கும், எப்படி எடுத்துச் செல்ல வேண்டும்

சட்டைக்குள் வைத்தால் வெளியே தெரியாத சின்ன பிஸ்டல்களைப் பற்றி யூடியூப்பில் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. அநேகமாக எல்லாமே அமெரிக்காவில் எடுத்தவை. சிக் பி365, கிளாக் 43 என்று அவர்கள் காட்டுகிற ரகமெல்லாம் 9 எம்.எம். இந்தியாவில் 9 எம்.எம். தடை செய்யப்பட்ட ரகம். ராணுவமும் போலீஸும் பயன்படுத்தும் தோட்டா அது என்பதால், சாதாரண உரிமத்தில் பொதுமக்களுக்குக் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து தருவிக்கலாம் என்று நினைத்தால் அதற்கும் வழியில்லை. தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி இறக்குமதி செய்வது 1980களிலிருந்தே அடைபட்டுக் கிடக்கிறது. அதற்கு முன் வந்த பழைய வெளிநாட்டுத் துப்பாக்கிகள் இன்றும் லட்சக்கணக்கான ரூபாய்க்குக் கைமாறுவது இதனால்தான்.

அப்படியானால் என்ன வாங்கலாம்? பெரும்பாலும் .32 ரகம்தான், அதாவது சுமார் 0.32 அங்குல விட்டமுள்ள தோட்டா போடுபவை. கான்பூரில் தயாராகும் .32 ரிவால்வர், மேற்கு வங்கத்து இஷாப்பூரின் அஷானி பிஸ்டல், 2014-ல் பெண்களை மனத்தில் வைத்து வெளியிட்ட, சுமார் அரைக் கிலோ எடையுள்ள நிர்பீக் ரிவால்வர் ஆகியவை தெரிந்த பெயர்கள். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ரிவால்வருக்கும் .32, பிஸ்டலுக்கும் .32 என்றுதான் சொல்வார்கள். ஆனால் தோட்டா வேறு வேறு. ரிவால்வர் தோட்டா நீளமானது, பிஸ்டலுடையது குட்டை. பெட்டியில் எழுதியிருக்கும் முழுப் பெயரையும் படித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இனி உரிமம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளும்தான் இதற்கு அடிப்படை. வயது 21 நிறைந்திருக்க வேண்டும். சென்னையில் மாநகரக் காவல் ஆணையரிடமும் மாவட்டங்களில் ஆட்சியரிடமும் ஏ-1 படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அடையாள, முகவரிச் சான்றுகளோடு, உடலும் மனமும் நலமாக உள்ளன, போதைப் பழக்கம் இல்லை என்ற மருத்துவச் சான்றும், துப்பாக்கியைப் பாதுகாப்பாக வைத்திருப்பேன் என்ற உறுதிமொழியும் சேர வேண்டும். அப்புறம் உங்கள் பகுதிக் காவல் நிலையத்திலிருந்து விசாரணைக்கு வருவார்கள். அவர்கள் அறிக்கை தர 30 நாள், அறிக்கை வந்தபின் அதிகாரி முடிவெடுக்க 60 நாள் என்று விதி சொல்கிறது. கோப்பு அந்த வேகத்தில் நகரும் என்று நம்பித் தேதி குறித்துவிடாதீர்கள்.

விண்ணப்பம் நிற்பதும் விழுவதும் 'ஏன் வேண்டும்' என்ற கேள்வியில்தான். அமெரிக்காவில் ஆயுதம் வைத்திருப்பது அரசியல் சட்டம் தந்த உரிமை. இங்கே அது அரசு கொடுக்கும் அனுமதி. வசதி இருக்கிறது, ஊரில் மரியாதையாக இருக்கும் என்பதெல்லாம் காரணமாகாது. உயிருக்கு அச்சுறுத்தல் என்றால், முன்பு கொடுத்த புகார்களின் நகல், எஃப்.ஐ.ஆர். போன்றவற்றை இணைப்பது நல்லது. நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறலாம், மேல்முறையீடும் செய்யலாம். பொதுநலன் கருதிக் காரணத்தைச் சொல்லாமல் விடவும் சட்டத்தில் இடமுண்டு.

துப்பாக்கியைப் பழகிக்கொள்வதும் விதிகளில் இருக்கிறது. பாதுகாப்பாகக் கையாள்வது, சுடும் முறை, பராமரிப்பு ஆகியவற்றில் பயிற்சி பெற்றதற்கு எஸ்-1 படிவத்தில் சான்று வேண்டும். இதை வெறும் தாளாக நினைத்து யாரிடமாவது கையெழுத்து வாங்குவது முட்டாள்தனம். பிஸ்டலில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. தோட்டாக்கள் அடுக்கிய மேகசினை உருவிவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைப்பார்கள். ஆனால் ஏற்கெனவே ஒரு தோட்டா உள்ளே ஏறி, குழாயின் பின்முனையில் உள்ள அறையில் உட்கார்ந்திருக்கக்கூடும். மேகசினைக் கழற்றியபின் மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்து, உள்ளே கண்ணால் பார்க்க வேண்டும், இருட்டாக இருந்தால் விரலால் தடவியும் பார்க்க வேண்டும். அதுவரை விசைப்பக்கம் விரல் போகவே கூடாது. ரிவால்வரில் உருளையைச் சாய்த்தால் அறைகள் அத்தனையும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். முதல்முறை வாங்குபவர்களுக்கு ரிவால்வரே நல்லது என்பது என் கருத்து.

மறைத்து எடுத்துச் செல்வது அமெரிக்காவின் பல மாநிலங்களில் தனி அனுமதி கேட்கிற விஷயம். இங்கே கதையே வேறு: மறைத்துத்தான் எடுத்துச் செல்ல வேண்டும். 2016 விதிகளில் 32-ஆவது விதி இதைச் சொல்கிறது. பொது இடத்தில் கைத்துப்பாக்கி உடலோடு இணைந்த ஹோல்ஸ்டர் என்னும் துப்பாக்கி உறையிலோ அதற்குரிய பையிலோ இருக்க வேண்டும். முழுவதும் மூடியிருக்க வேண்டும். எந்நேரமும் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு போவதும், காரின் டேஷ்போர்டில் போட்டுவிட்டு ஓட்டலுக்குள் சாப்பிடப் போவதும் இந்த விதிக்குள் வராது. நாலு பேர் பார்க்கட்டும் என்று பெல்ட்டில் தெரியும்படி மாட்டுவதும் மீறல்தான். வெளியே எடுத்து ஆட்டிக் காட்டினாலோ சுட்டாலோ உரிமம் ரத்தாகும், துப்பாக்கி பறிமுதலாகும், வழக்கும் தனியாக வரும். கல்யாணத்தில், கோயில் விழாவில் வானத்தைப் பார்த்துச் சுடுவதற்கு ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தம் தனியாகத் தண்டனை வைத்திருக்கிறது: இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

உண்மையிலேயே ஆபத்து வந்து சுட நேர்ந்தால்? உரிமம் இருப்பது சுடுவதற்கான அனுமதி ஆகிவிடாது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகள்தான் தற்காப்பு உரிமையின் எல்லையைச் சொல்கின்றன. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்பது அதன் சாரம். ஓடிப்போகிறவன் முதுகில் சுட்டுவிட்டுத் தற்காப்பு என்று வாதாடுவது கஷ்டம்.

அதே 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம், முன்பு மூன்று. உரிமத்தின் காலம் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாகக் கூடியது. எந்த எல்லைக்குள் செல்லும், எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதெல்லாம் உரிமத்திலேயே எழுதியிருக்கும். வெளியூர் கிளம்பும் முன் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தேர்தல் தேதி அறிவித்ததும் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். யார் ஒப்படைக்க வேண்டும் என்பதை மாவட்ட அளவில் ஒரு குழு பரிசீலிக்கும். வங்கிக் காவலர்கள் போன்றவர்களுக்கு விலக்கு உண்டு. உங்களுக்கும் உண்மையான அச்சுறுத்தல் இருந்தால் எழுதிக் கேட்கலாம். ஒப்படைக்கும்போது ரசீதில் துப்பாக்கியின் எண்ணும் தோட்டாக்களின் எண்ணிக்கையும் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்து வாங்குங்கள். தேர்தல் முடிந்து திரும்பப் பெறப் போகும்போது கையில் இருக்க வேண்டியது அந்த ரசீதுதான்.