கதிர்வீச்சு விபத்துக்கு ஒரு மருத்துவமனை தயாரா? எப்படிக் கண்டுபிடிப்பது?

1987 செப்டம்பர் 13. பிரேசிலின் கோயானியா நகரத்தில் இரண்டு பேர், கைவிடப்பட்ட ஒரு புற்றுநோய் சிகிச்சை நிலையத்துக்குள் புகுந்து அங்கிருந்த கதிர்வீச்சுக் கருவியின் ஒரு பாகத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பழைய இரும்புக்குப் போட்டால் காசு கிடைக்கும் என்று நினைத்தார்கள். அதற்குள் சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் இருந்தது. அன்றைக்கே இருவருக்கும் வாந்தி. ஒருவர் மருத்துவரிடம் போனபோது, கெட்டுப்போன சாப்பாட்டால் வந்த ஒவ்வாமை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பாகம் காயலான் கடைக்குப் போனது. இருட்டில் நீலமாக ஒளிர்ந்த அதன் பொடியைக் கடைக்காரர் சொந்தக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் ஆசையாகக் கொடுத்தார். ஒவ்வொருவராகப் படுக்கையில் விழ, சிலரை வெப்பமண்டல நோய்களுக்கான மருத்துவமனையில் சேர்த்தார்கள். இந்தப் பொடிதான் காரணம் என்று முதலில் உறுதியாக நம்பியவர் கடைக்காரரின் மனைவி. செப்டம்பர் 28 அன்று மிச்சத்தை ஒரு பையில் போட்டுக்கொண்டு, பஸ் ஏறி, சுகாதார அலுவலகத்தில் கொண்டுபோய் வைத்தார். மறுநாள் ஓர் இயற்பியலாளர் கதிர்வீச்சு அளவுமானியோடு வந்தார். அது உச்சத்தைக் காட்டியதும் கருவிதான் பழுது என்று நினைத்து இன்னொன்றை வாங்கிவந்தார். அதுவும் அதையே காட்டியது. அந்தப் பையை ஆற்றில் போட்டுவிடலாம் என்று தீயணைப்புத் துறையினர் யோசித்துக்கொண்டிருந்ததை அவர்தான் தடுத்தார்.

16 நாட்கள் போயிருந்தன. 4 பேர் இறந்தார்கள், அவர்களில் ஒருத்தி 6 வயதுச் சிறுமி. சுமார் 1,12,000 பேரைப் பரிசோதித்ததில் 249 பேரிடம் கதிரியக்க மாசு இருந்தது.

மருத்துவ ஊழியர்களின் தயார்நிலையை மதிப்பிடும் எந்த ஆய்வும் இந்த 16 நாட்களிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பேன். அணு உலை விபத்து என்றால் அறிவிப்பு வரும், அதிகாரிகள் வருவார்கள். காயலான் கடை விபத்துக்கு அப்படி எதுவும் கிடையாது. புறநோயாளிகள் வரிசையில் வாந்தியோடு ஒருவர் வந்து நிற்பார், அவ்வளவுதான். அவரைப் பார்க்கும் மருத்துவருக்குச் சந்தேகம் வருமா என்பதுதான் முதலில் அளக்க வேண்டியது.

சந்தேகம் வராமல் போவதற்கு உடம்பே ஒரு காரணம். அதிக அளவு கதிர்வீச்சு பட்டவருக்குச் சில மணி நேரத்தில் குமட்டலும் வாந்தியும் வரும். 2 கிரேக்கு (உடம்பில் சேர்ந்த கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேல் பட்டிருந்தால் பெரும்பாலும் 2 மணி நேரத்துக்குள், 4 கிரேக்கு மேல் என்றால் ஒரு மணி நேரத்துக்குள். பிறகு அது தானாகவே அடங்கிவிடும். நோயாளி நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் நன்றாக இருப்பதுபோலத் தெரிவார். ஆனால் வேகமாகப் பிரிந்து பெருகும் செல்கள்தான் கதிர்வீச்சுக்கு முதலில் பலியாகும் என்பதால், அந்த இடைவெளியில் எலும்பு மஜ்ஜை புது ரத்த அணுக்களை உண்டாக்க முடியாமல் திணறிக்கொண்டிருக்கும். இருக்கிற அணுக்கள் தீர்ந்ததும் தொற்றும் ரத்தக்கசிவும் தொடங்கும்.

இதை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பவை லிம்போசைட் என்னும் வெள்ளை அணுக்கள். பிரிந்து பெருகாத நிலையிலும் கதிர்வீச்சு பட்டால் சாகும் அணுக்கள் இவை. 24 மணி நேரத்தில் இவற்றின் எண்ணிக்கை பாதியாகக் குறைந்து, மறுநாளும் சரிந்துகொண்டே போனால், பட்டது உயிருக்கே ஆபத்தான அளவாக இருக்கலாம். இதற்கு அபூர்வமான கருவி எதுவும் வேண்டாம். சாதாரண ரத்த அணுப் பரிசோதனையைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் செய்தால் போதும். திரும்பச் செய்யச் சொல்ல வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டும், அவ்வளவே.

சரி, சந்தேகம் வந்துவிட்டது. அடுத்து ஊழியர்களின் பயத்தை அளக்க வேண்டும். எக்ஸ்ரே போன்ற வெளிக்கதிர் பட்டவரிடமிருந்து மற்றவருக்குக் கதிர் எதுவும் வராது. கதிரியக்கப் பொடி படிந்தவர் வேறு வகை. மாவு மில்லிலிருந்து வருகிறவர் மேல் மாவு ஒட்டியிருப்பதுபோலப் பொடி அவர் மேல் இருக்கும். மேல்துணியைக் கவனமாகக் கழற்றி, பையில் போட்டுக் கட்டிவிட்டாலே வெளிமாசில் 80 முதல் 90 சதவீதம் போய்விடும். மிச்சத்துக்குச் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும். ரத்தம் கொட்டிக்கொண்டிருந்தால் அதை நிறுத்துவதுதான் முதல் வேலை, கழுவுவது அப்புறம். காயத்துக்குள் கதிரியக்கத் துண்டு சிக்கியிருப்பதுபோன்ற அரிதான நிலைகளை விட்டால், கையுறை, முகக்கவசம், மேலங்கியோடு முறையாகச் சிகிச்சை தரும் ஊழியருக்குச் சேரும் அளவு மிகக் குறைவு.

இது தெரியாதபோது என்ன ஆகும்? 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், நியூயார்க் வட்டாரத்தின் 47 மருத்துவ நிலையங்களைச் சேர்ந்த 6,428 ஊழியர்களிடம் எந்தெந்தப் பேரிடரில் வேலைக்கு வரச் சம்மதம் என்று கேட்டார்கள். கடும் பனிப்புயலுக்கு 80 சதவீதம் பேர் சரி என்றார்கள். கதிர்வீச்சு நிகழ்வுக்கு 57 சதவீதம்தான். இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன் உடம்புக்கு என்ன ஆகும், வீட்டுக்கு எதைக் கொண்டுபோவோம் என்று யாரும் சொல்லித்தராத ஒருவர் வேறு என்ன பதில் சொல்வார்? பயத்துக்கு உயிர்விலையும் உண்டு. 2011-இல் ஃபுகுஷிமாவில் மருத்துவமனைகளையும் முதியோர் இல்லங்களையும் அவசர அவசரமாகக் காலி செய்தபோது, வழியிலும் அதை ஒட்டிய நாட்களிலும் 50-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தார்கள். கதிர்வீச்சால் அல்ல. குளிராலும், உடலில் நீர் வற்றியதாலும், இருந்த நோய் முற்றியதாலும்.

பெரும்பாலான மதிப்பீடுகள் கேள்வித்தாளோடு நின்றுவிடுகின்றன. 'நீங்கள் தயாராக இருக்கிறீர்களா, 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுங்கள்' என்ற கேள்வி தன்னம்பிக்கையை அளக்கும், திறமையை அளக்காது. ஒத்திகையில்தான் உண்மை தெரியும். நோயாளியாக நடிப்பவர் மேல் புற ஊதா விளக்கில் ஒளிரும் பொடியைத் தூவி அனுப்புவார்கள். வேலை முடிந்ததும் அறை விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால் கதவுப் பிடியில், போனில், செவிலியரின் கழுத்தில் எல்லாம் பொடி தெரியும். கையுறையை எந்த வரிசையில் கழற்றினார், அளவுமானியை எவ்வளவு வேகமாக நகர்த்தினார், ரத்தப்போக்கை எத்தனை நிமிடத்தில் கவனித்தார் என்று பக்கத்தில் நின்று ஒருவர் குறித்துக்கொள்வார். சில மாதம் கழித்து அதையே திரும்பச் செய்து பார்க்க வேண்டும். பயன்படுத்தாத பயிற்சி சீக்கிரம் மறந்துபோகும்.

தமிழ்நாட்டில் கல்பாக்கம், கூடங்குளம் சுற்றுவட்டாரத்தில் அவசரகால ஒத்திகைகள் நடக்கின்றன, நல்லதுதான். ஆனால் 2010-இல் இந்தியா கண்ட விபத்து அணு உலைப் பக்கத்தில் நடக்கவில்லை. டெல்லிப் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட ஒரு பழைய கருவி, உள்ளிருந்த கோபால்ட்-60 உடன் மாயாபுரி காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்தது. ஒருவர் இறந்தார். கதிர்வீச்சாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தது, கடைக்காரரின் தோல் புண்ணைப் பார்த்த மருத்துவமனைதான். அதனால் இந்த மதிப்பீட்டை இரும்புக்கடைத் தெரு உள்ள ஒவ்வோர் ஊரின் அவசர சிகிச்சைப் பிரிவிலும் நடத்த வேண்டும். இரவுப் பணியில் இருக்கும் பயிற்சி மருத்துவரிடம் கேட்கலாம்: காரணம் தெரியாத வாந்தி, தீயே படாத தீப்புண், சரியும் ரத்த அணுக்கள், மூன்றும் ஒருவரிடமே இருந்தால் என்ன நினைப்பீர்கள்? அளவுமானி எந்த அலமாரியில் இருக்கிறது, அதன் பேட்டரியை யார் கடைசியாகப் பார்த்தார்கள்? இந்த நேரத்தில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தை எந்த எண்ணில் கூப்பிடுவீர்கள்?