மான் புழுக்கையில் தெரியும் பசி

உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டுக் குமணக் காட்டுவழியே கதிர்காமத்துக்கு நடப்பவர்கள் மான் புழுக்கையைப் பார்த்திருப்பார்கள். யாத்திரை கோடையில் வருவதால் அது பெரும்பாலும் கறுத்து, உதிரி உதிரியாக, புளியங்கொட்டை அளவில் காய்ந்து கிடக்கும். நசுக்கினால் தூளான வைக்கோல்போல நார் உதிரும். மாரி பெய்து, வில்லு எனப்படும் ஆழமற்ற நீர்நிலைகளின் ஓரம் இளம்புல் எழும்பியபின் போனால், அதே புள்ளிமான்களின் புழுக்கை இளகி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும்.

மானின் தீனி பற்றிப் புழுக்கை சொல்லும் மிச்சத்தை ஆய்வுகூடத்தில்தான் பார்க்கவேண்டும். மானின் வயிற்றில் நாலு அறைகள். முதல் அறையில் வாழும் நுண்ணுயிர்கள்தான் புல்லை நொதிக்கவைத்து உடைக்கின்றன. தீனியில் புரதம் சுமார் 7 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அந்த நுண்ணுயிர்களே பட்டினி கிடக்கும். வயிறு நிறையப் புல் இருந்தும் மான் மெலியும். நல்ல தீனி கிடைத்தால் அவை பெருகும், செத்தவற்றின் மிச்சம் புழுக்கையோடு வெளியேறும். புரதத்தின் கூறான நைதரசன் புழுக்கையிலும் உண்டு; அதில் பெரும்பங்கு இப்படி வந்ததுதான். அதனால் புழுக்கையைக் காயவைத்து அரைத்து நைதரசனை அளந்தால் தீனியின் தரம் பிடிபடும். டென்மார்க்கின் ஜோஹான் கெல்டால் 1883இல் தானியத்துக்காக வகுத்த முறையே இதற்கும் உதவுகிறது. ஒரு மானையும் கொன்று வயிற்றைக் கிழிக்கவேண்டியதில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

நைதரசனை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். மரையும் மானும் மரத்து இலைகளையும் கடிக்கும். பிளேன்டீயைத் துவர்க்கவைக்கும் தனின் அவற்றில் நிறைய உண்டு. தனின் புரதத்தைக் கட்டிப்பிடித்துச் செரிக்கவிடாமல் அப்படியே வெளியே கொண்டுபோய்விடும். புழுக்கையில் நைதரசன் கூடுதலாக இருக்கும், மானோ வாடியிருக்கும். இதற்காக இன்னொரு சாட்சி தேவைப்படுகிறது: டயமினோபிமெலிக் அமிலம். பக்டீரியாவின் சுவரில் உள்ள பொருள் இது. மானின் உடல் இதை உண்டாக்குவதில்லை. தீனியில் செரிக்கக்கூடிய சக்தி கூடக்கூட பக்டீரியாவும் கூடும், புழுக்கையில் இந்த அமிலமும் கூடும்.

என்ன தின்றது என்பதைக் காபன் காட்டும். கோடை வெயிலைத் தாங்கும் நம் காட்டுப் புற்கள் பலவற்றில் காபன்-13 என்ற கனத்த காபன் வகை சற்றுக் கூடுதல். மரம் செடிகளின் இலையில் குறைவு. அந்தக் கணக்கு அப்படியே புழுக்கைக்கும் வரும். ஆனால் நெல் புல்லினமாக இருந்தும் காபனில் இலைகளின் பக்கம் நிற்கிறது. வட்டைக்குள் இறங்கி நெற்பயிரை மேய்ந்த மானை, காபன் கணக்கு இலை தின்றதாகவே காட்டும். அப்போது நுண்காட்டியில் பார்க்கவேண்டும். செரிக்காமல் தப்பிய மேல்தோல் துணுக்குகளில், மரத்து இலையென்றால் கலங்கள் பெரும்பாலும் ஒழுங்கற்றுக் கோத்திருக்கும். நெல்லென்றால் நெடுவரிசை பிடித்து நிற்கும். வரிசைக்கு இடையில் நடு ஒடுங்கிய உடுக்கைபோன்ற காவற்கலங்களோடு இலைவாய்கள் தெரியும்.

வில்லோரத்தில் காட்டுநெல்லும் முளைக்கும் என்பதால், எங்கே பொறுக்கியது என்று உறையில் எழுதிவைக்கவேண்டும். பொறுக்குவது விடியற்காலையில். வெயில் ஏறினால் சாணவண்டு முந்திவிடும்.