இமோஜி: உணர்ச்சிக்குறியா, படவெழுத்தா?

இமோஜியைத் தமிழில் ‘உணர்ச்சிக்குறி’ என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். ‘இமோஷன்’ காதில் ஒலிப்பதால் வந்த வினை. உண்மையில் இது ஜப்பானியச் சொல்: ‘எ’ என்றால் படம், ‘மொஜி’ என்றால் எழுத்து. ஆங்கில ‘இமோஷ’னும் ‘ஐகா’னும் ஒட்டிப் பிறந்தது ‘இமோட்டிகான்’. 1982இல் அமெரிக்கக் கணினி அறிஞர் ஸ்காட் ஃபால்மன் முக்காற்புள்ளி, சிறுகோடு, அடைப்புக்குறி மூன்றையும் சேர்த்துக் காட்டிய சிரிப்பு முகம் அந்த வகை. அதற்கு உணர்ச்சிக்குறி பொருந்தும்.

1999இல் ஷிகெடகா குரிடா ஜப்பானின் டோகோமோ கைபேசி நிறுவனத்துக்காக வரைந்த 176 படங்களில் வெயில், மழை, ரயில்தான் அதிகம்; முகங்கள் சிலவே. 2019இல் சேலை, அகல்விளக்கு, ஆட்டோ எல்லாம் வந்து சேர்ந்தன. ஆட்டோவுக்கு என்ன உணர்ச்சி? அதனால் மொத்தத்துக்கும் ‘படவெழுத்து’, முகங்களுக்கு மட்டும் ‘முகக்குறி’ என்பதே சரி என்பேன்.

முகக்குறியில்தான் சிக்கல் அதிகம். நாம் அனுப்புவது படம் அல்ல, ஓர் எண். அதைப் பெறுபவரின் போன் தன் பாணியில் முகமாக வரைந்து காட்டுகிறது. கண் சிரிக்க, பல் தெரியும் முகம் ஒன்று பழைய ஐபோனில் பல்லைக் கடிப்பது போலவே இருந்தது. 2016இல் மினசோட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தபோது, ஒரே படத்தைப் பார்த்தவர்கள்கூட அது நல்ல உணர்வா, கெட்டதா, இரண்டும் இல்லையா என்பதில் நான்கில் ஒரு முறை முரண்பட்டார்கள். பார்க்கும் இடமும் மாறுகிறது: முகத்தைப் படிக்க ஜப்பானியர்கள் கண்ணையும் அமெரிக்கர்கள் வாயையும் கூடுதலாக நம்புவதாக 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் இரங்கல் செய்திக்குக் கீழே, கண்ணீர் வரச் சிரிக்கும் முகத்தை அழுகை என்று நினைத்துப் பெரியவர்கள் போட்டுவிடுவதுண்டு. அவர்களைக் குறை சொல்ல முடியாது. சின்னத் திரையில் கண்ணீர்தான் முதலில் தெரிகிறது, வாய் அப்புறம்தான்.

மனத்தில் இருப்பது உடம்பில் தெரிவதைத் தொல்காப்பியம் ‘மெய்ப்பாடு’ என்கிறது. நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி) என எட்டு. நகையும் உவகையும் அதில் தனித்தனி; நகை எள்ளலிலும் (கேலியிலும்) பிறக்கும் என்கிறது. முகக்குறிகளுக்குத் தமிழில் பெயரிடுகிறவர்கள் எல்லாவற்றையும் ‘சிரிப்பு’ என்று முடிக்காமல், எள்ளல் நகை, உவகை என்று பிரித்தே எழுதலாம்.