இருப்பு மாற்றம்: கிடங்கில் கிடப்பதற்குத் தமிழில் என்ன பெயர்?

‘அமெரிக்காவின் சோயா பங்குகள் இரு மடங்கு உயர்வு.’ வணிகச் செய்தி ஒன்றின் இந்தத் தலைப்பைப் பார்த்துத் திடுக்கிட்டேன். உள்ளே படித்த பிறகுதான் புரிந்தது. உயர்ந்தது பங்குச் சந்தையில் விற்கும் பங்கு அல்ல, கிடங்கில் கிடக்கும் சோயா. ‘ஸ்டாக்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

பழைய ஆங்கிலத்தில் ஸ்டாக் என்றால் அடிமரம், மரக்கட்டை. இங்கிலாந்தில் கடன் கணக்கை ஒரு குச்சியில் வெட்டுக்குறிகளாகப் பதித்து, அதை இரண்டாகப் பிளந்து வைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. கடன் கொடுத்தவர் கையில் இருந்த துண்டுக்கும் ஸ்டாக் என்றே பெயர். கட்டை, முதல், சரக்கு, பங்கு என்று அங்கே ஒரே சொல் பல பொருள்களைச் சுமக்கிறது. தமிழ் அவற்றைத் தனித்தனியாக வைத்திருக்கிறது. கூட்டாளிக்குரியது பங்கு, கிடங்கில் உள்ளது இருப்பு. இரண்டையும் கலப்பது, இருக்கும் தெளிவைத் தொலைப்பது.

இருப்பு என்பது ‘இரு’ என்னும் வினையிலிருந்து வந்த பெயர். கையில் இருப்பது கையிருப்பு. ‘இருப்புப் பாதை’யில் வரும் இருப்பு வேறு, அது இரும்பு என்பதன் திரிபு. தமிழ்நாட்டுக் கணக்குப் பதிவியல் பாடநூல்கள் தொடக்கச் சரக்கிருப்பு, இறுதிச் சரக்கிருப்பு என்கின்றன. இலங்கைப் பாடநூல்களில் இதே பொருளுக்குத் ‘தொக்கு’ என்ற சொல் வழங்குகிறது. நமக்குத் தொக்கு என்றால் தக்காளியும் மாங்காயும் நினைவுக்கு வரும். ஆனால் ‘தொகு’ என்ற வினையோடு ஒலியிலும் பொருளிலும் ஒட்டி நிற்கும் சொல் அது.

எண்ணெய் வித்துகளின் புள்ளிவிவரத்துக்கு வந்தால் இன்னும் கவனம் தேவை. ஒரு சந்தைப் பருவம், அதாவது ஓர் அறுவடையிலிருந்து அடுத்த அறுவடை வரையிலான ஓராண்டு, முடிந்து அடுத்தது தொடங்கும் நாளில் மீந்திருக்கும் அளவைச் சிலர் ‘ஆண்டிறுதி இருப்பு’ என்று எழுதுகிறார்கள். படிப்பவர் மனம் உடனே டிசம்பர் 31-க்குப் போய்விடும். அமெரிக்காவில் சோயாவின் சந்தைப் பருவம் செப்டம்பர் 1-இல் தொடங்கி ஆகஸ்ட் 31-இல் முடிகிறது. சீனாவுக்கான கணக்கு அக்டோபரில் தொடங்குகிறது. ஆகவே ‘பருவ இறுதி இருப்பு’ என்பதே பொருந்தும். ‘கடையிருப்பு’ என்று சுருக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். கடை என்றால் இறுதி என்பது சரிதான், ஆனால் எல்லாரும் மளிகைக் கடையில் உள்ள சரக்கு என்றுதான் படிப்பார்கள்.

இரண்டு பருவ இறுதிகளுக்கு இடையிலான வேறுபாடுதான் இருப்பு மாற்றம். தொடக்க இருப்போடு விளைச்சலையும் இறக்குமதியையும் கூட்டி, பயன்பாட்டையும் ஏற்றுமதியையும் கழித்தால் இறுதி இருப்பு. அதிலிருந்து தொடக்க இருப்பைக் கழித்தால் மாற்றம். ஏறினால் கூட்டல் குறி, இறங்கினால் கழித்தல் குறி. சில அட்டவணைகள் இதைத் தலைகீழாகப் போடுகின்றன. கிடங்கிலிருந்து எடுத்தது சந்தைக்கு வரவு என்று கொண்டு அதற்குக் கூட்டல் குறி இடுகின்றன. அதனால் எழுத்தில் ‘ஏற்றம்’, ‘இறக்கம்’ என்று சொல்லாலும் சொல்லிவிடுவது நல்லது.

அமெரிக்காவையும் சீனாவையும் பாருங்கள். 2018 ஜூலை 6-இல் சீனா அமெரிக்க சோயாவுக்கு 25% கூடுதல் வரி விதித்தது. அடுத்த மாதமே சீனாவில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. பன்றிகள் குறையக் குறைய, தீவனத்துக்கான சோயாப் புண்ணாக்கின் தேவையும் குறைந்தது. பசிபிக் கரைத் துறைமுகங்கள் வழியே சீனாவுக்கு அனுப்பிவந்த அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநில உழவர்கள், அந்த இலையுதிர் காலத்தில் அறுத்த சோயாவை வாங்க ஆளில்லாமல் வைத்திருந்தார்கள். 43.8 கோடி புஷலாக இருந்த நாட்டின் இருப்பு, 2019 ஆகஸ்ட் இறுதியில் 90.9 கோடி புஷலாக ஏறியது. புஷல் நம் மரக்காலைப் போலக் கொள்ளளவாகப் பிறந்தது. சோயாவுக்கு இன்று 60 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 27.2 கிலோ. ஆக, ஒரே பருவத்தில் சுமார் 1.28 கோடி டன் ஏற்றம்.

பிறகு காற்று திரும்பியது. 2020 ஜனவரியில் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அந்த ஆண்டில் சீனாவின் சோயா இறக்குமதி முதன்முறையாக 10 கோடி டன்னைத் தாண்டியது. சீனாவின் இருப்பு மதிப்பீடுகள் மேலே போக, அமெரிக்க இருப்பு 2020 ஆகஸ்டில் 52.5 கோடி புஷலுக்கும், 2021 ஆகஸ்டில் 25.7 கோடி புஷலுக்கும் இறங்கியது.

சொல் தேர்வின் அருமை இங்கேதான் தெரிகிறது. 2019-இல் அமெரிக்காவில் ஏறியது விற்காமல் கிடந்த சரக்கு. தமிழில் அது தேக்கம். சீனாவில் பின்னர் ஏறியதில் பெரும்பகுதி விரும்பி வாங்கி வைத்தது, அது சேமிப்பு. ஆங்கில அட்டவணை இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கிறது. நாமும் அட்டவணையில் ‘இருப்பு’ என்ற நடுநிலைச் சொல்லையே போட வேண்டும். காரணத்தை விளக்கும் பத்தியில் தேக்கத்தையும் சேமிப்பையும் பிரித்து எழுத வேண்டும். ‘உபரி’ என்று எழுதுவது இரண்டுக்குமே பொருந்தாது. சீனா ஒதுக்கி வைத்திருப்பது அதற்கு மிகையானது அல்ல. மேலும், சீன அரசு தன் சேமிப்புக் கிடங்குகளின் அளவை வெளியிடுவதில்லை. அமெரிக்காவின் எண் கணக்கெடுப்பு, சீனாவின் எண் மதிப்பீடு. ஒப்பிடும்போது அதையும் குறிப்பிட வேண்டும்.

வெறும் டன்னை வைத்து இரு நாடுகளை ஒப்பிடுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. இருப்பை, ஏற்றுமதியும் சேர்ந்த மொத்தப் பயன்பாட்டால் வகுத்துப் பார்ப்பதே நியாயம். அதற்கு ‘இருப்பு–பயன்பாட்டு விகிதம்’ என்ற சொல் போதும். மேற்சொன்ன ஏற்றத்தின்போது அமெரிக்காவில் இந்த விகிதம் சுமார் 23%. இரண்டு பருவங்களுக்குப் பிறகு 6 விழுக்காட்டுக்கும் கீழே.

அந்தத் தலைப்பை நான் திருத்தியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: ‘அமெரிக்காவில் சோயா தேக்கம், பருவ இறுதி இருப்பு இரு மடங்கு.’